அஞ்சு நிமிஷ ஆமாம்

சத்தியமாச் சொல்றேன் தம்பி, இந்த ஹால் பூராக் கேக்கட்டும், நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் நெசம். என் ரெண்டு கண்ணு மேல ஆணை. சரி, ஒரு கண்ணுல புரை விழுந்திருக்கு, அப்ப ஒண்ணரைக் கண்ணு மேல ஆணை. இந்தப் படத்துக்குக் கீழ தங்க எழுத்துல என்னவோ எழுதியிருக்காங்களே, படிங்க. நம் நாட்டுக்கு மெமரி சிப் செய்யக் கற்றுத்தந்த நிபுணர். ஆங். அது பொய். இவர் கத்துத்தரல. கத்துத்தந்தது எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா. அவ பேரு இந்தச் சுவத்துல எங்கயாவது இருக்கான்னு தேடிப் பாருங்க. கழிப்பறை எந்தப் பக்கம்னு கூட எழுதிப் போட்டிருக்கான். அவ பேரு இல்ல.

நாளைக்கு இந்தத் தொழிற்சாலைக்கு நாப்பதாவது ஆண்டு விழா. அவளும் வர்றா. பழைய தொழிலாளிங்கன்னு கடைசி வரிசையில உக்காத்தி வச்சு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில குடுத்து அனுப்புவாங்க. எழுபத்தேழு வயசுக்காரிக்குக் கடிகாரம். மணி என்னன்னு தெரிஞ்சு அவ எந்த பஸ்ஸப் பிடிக்கப்போறா?

நான் யாருன்னா கேக்குறீங்க? இவரோட மொழிபெயர்ப்பாளன். இவர் தோளுக்குப் பின்னால ஒரு காது தெரியுது பாருங்க, அது என் காது. மீதி என்னை வெட்டிட்டாங்க.

இல்லல்ல, அந்த மொழி எனக்கு ஒரு எழுத்து தெரியாது. சிரிக்காதீங்க, சொல்றேன். நான் அதுக்கு முன்னால தியேட்டர்ல படம் ஓட்டுறவன். அந்த நாட்டுச் சண்டைப் படம் ஒண்ணு எங்ககிட்ட நூத்திப்பத்து நாள் ஓடுச்சு, தினம் நாலு காட்சி. வில்லன் பேசுறது பூரா எனக்கு மனப்பாடம், மூச்சு விடுற எடம் வரைக்கும். அப்பதான் தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைன்னு பேப்பர்ல வந்துச்சு. போனேன். எதிர்க்க அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் அந்த மொழி தெரியாது. தெரிஞ்சா எதுக்கு ஆள் தேடுறாங்க? எங்க, பேசிக் காட்டுன்னாங்க. கதாநாயகனைக் கட்டித் தொங்கவிட்டு வில்லன் பேசுவானே, அந்த வசனத்தை எடுத்து விட்டேன், கடைசிச் சிரிப்பை மட்டும் முழுங்கிட்டேன். அர்த்தம் என்னன்னாங்க. தேசத்துக்கு உழைக்கிறது நான் செஞ்ச பாக்கியம்னேன். அதுல ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அன்னைக்கே ஆர்டர்.

அக்கா எனக்கு முன்னாலயே அங்க வேலைக்குச் சேர்ந்தவ. என்னை வாசல்ல பாத்தா. ஏண்டா, நீ எப்படா அந்த மொழி கத்துக்கிட்டேன்னா. போன வெள்ளிக்கிழமைன்னேன். தலையில ஒண்ணு போட்டா. ஆனா வெளிய யார்கிட்டயும் மூச்சு விடல. அந்த ஊர்ல என் குட்டு தெரிஞ்ச ஒரே ஆள் அவதான்.

இப்ப நீங்க பாக்குறீங்களே, பதினோரு கட்டடம், கண்ணாடிச் சுவர், வரிசையா பஸ்ஸு, அதெல்லாம் அப்ப ஏது? ஒரே ஒரு தகரக் கொட்டகை. இருநூத்திப் பன்னெண்டு பேரு. மெஷினெல்லாம் அந்த நாட்டுல வேண்டாம்னு ஒதுக்கினது. அதை அமைச்சகம் வாங்கிப் பெட்டியில கட்டிக் கொண்டாந்து எறக்கியிருந்துச்சு. உள்ளங்கை அகலத்துல கண்ணாடி மாதிரி மின்னுற சிலிக்கான் தட்டு. அது மேல கோடு கோடாப் படம் பிடிக்கணும், கழுவணும், உலையில வைக்கணும், மறுபடி படம் பிடிக்கணும். ஆறு வாரம் இதே கூத்து. கடைசியில ஒரு தட்டை வெட்டினா இருநூறு சிப்பு. ஒரு சிப்புக்குள்ள ரெண்டு பக்கம் எழுத்து நிக்கும். இன்னைக்கு உங்க சட்டைப் பையில இருக்கிற போனுக்குள்ள ஒரு நூலகமே கெடக்கு, அது பெருசில்ல. ரெண்டு பக்கத்துக்கு நாங்க வாயப் பொளந்தோம்.

ஆனா நூத்துக்கு நாலுதான் உசுரோட வந்துச்சு. மீதி தொண்ணூத்தாறும் பொணம்.

அமைச்சகத்துல பொறுமை போச்சு. தொண்ணூறு நாள் தர்றோம், நூத்துக்கு அம்பது நல்ல சிப்பு வரணும், இல்லேன்னா மெஷினப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுக் கொட்டகையைத் தானியக் கிடங்குக்குக் குடுத்துடுவோம்னு கடுதாசி. எங்க அக்கா அங்க வர்றதுக்கு முன்னால சாக்குத் தைச்சவ. கிடங்கா மாறிச்சுன்னா அதே கொட்டகைக்கு அவ சாக்குத் தைக்கணும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ஆனா வீட்டுல சம்பளம் அவளுது ஒண்ணுதான். ரெண்டு பொண்ணு, புருஷன் பேருக்குத்தான்.

அந்தத் தொண்ணூறு நாளைக்குன்னு வரவழைச்சதுதான் இவரை. நெடு நெடுன்னு ஒசரம், நீளக் கழுத்து, ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்ல தேச்சுக்கிட்டே நிப்பாரு. வந்த அன்னைக்கே பொம்பளைங்க கொக்குன்னு பேரு வச்சுட்டாங்க. நல்ல மனுஷன், அதையும் சொல்லிடணும். மெஷினு மெஷினாப் போயி என்னென்னமோ சொல்லுவாரு. நான் பக்கத்துல நின்னு, சுத்தமா வச்சுக்கணும்ங்கிறாரு, கவனமா வேலை செய்யணும்ங்கிறாரு, நேரத்துக்கு வரணும்ங்கிறாரு. எந்த நாட்டுக்காரன் எதைச் சொன்னாலும் அதுல இந்த மூணுல ஒண்ணு கட்டாயம் இருக்கும்ங்கிறது என் கணக்கு.

அக்காவுக்கு பூதக்கண்ணாடி வேலை. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு எந்தச் சிப்பு செத்துருக்குன்னு பாத்துச் செவப்புப் புள்ளி வைக்கணும். எதனால செத்துச்சுன்னு பாக்கிறது அவ வேலையில்ல. ஆனா அவ கண்ணு சும்மா இருக்குமா? செத்த எடத்துலெல்லாம் வெள்ளையா, செதில் செதிலா ஏதோ கெடக்குன்னா. கொக்கு வர்றதுக்கு முன்னால ஒரு நாள் பெரிய அதிகாரி வர்றாருன்னு எல்லாரும் சிங்காரிச்சு வந்திருந்தாங்க. அன்னைக்கு உள்ள போன தட்டு ஆறு வாரம் கழிச்சு வெளிய வந்தப்ப ஒண்ணு கூடத் தேறல. நூத்துக்கு சைபர். அக்கா யோசிச்சா. மறுநாள் பக்கத்து சீட்டுக்காரி கழுத்துல விரலை வச்சுத் தொட்டு, அந்த விரலைக் கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்புல வச்சா. அதே வெள்ளைச் செதிலு.

முகத்துக்குப் போடுற பவுடரு தம்பி.

கோட்டு, தொப்பி, முகமூடி எல்லாம் உண்டு. ஆனா முகமூடிக்கு மேல தெரியிற நெத்திக்கு ஒரு அழகு வேணாமா? கழுத்துக்கு வேணாமா? நாட்டுலயே முதல் சிப்பு தொழிற்சாலை, வெளிநாட்டு நிபுணர் வேற நடமாடுறாரு, எண்ணெய் வடியிற மூஞ்சியோட போயி நிக்க முடியுமா? குளிச்சு முழுகி, அப்பு அப்புன்னு அப்பிக்கிட்டு வந்தாங்க எல்லாரும். உலகத்துல வேற எந்தத் தொழிற்சாலையும் மரியாதையினால செத்திருக்காது. கொக்குக்கு இது தெரிய வழியில்ல, அவங்க ஊர்ல ஆம்பளைங்க பவுடர் போடுறதில்ல.

ஆம்பளைங்களாவா? நல்லாக் கேட்டீங்க. இருக்கிறதுலயே அதிகமாப் போடுறது யாரு, எங்க மேனேஜரு. அவருக்குப் பேரே சுண்ணாம்பு. மணிக்கு ஒரு தடவை உள்ள வந்து ஒவ்வொரு தட்டையும் குனிஞ்சு பாத்துட்டுப் போவாரு. பாக்கிறதாவது, பூச்சொரியிற மாதிரி சொரிஞ்சுட்டுப் போவாரு.

அக்கா முதல்ல சூப்பர்வைசர்கிட்ட சொன்னா. அவன் சிரிச்சான். அப்புறம் தைரியமா சுண்ணாம்புகிட்டயே போயிச் சொன்னா. அவரு தன் மூஞ்சியைத்தான் கிண்டல் பண்றான்னு நெனச்சுட்டாரு. புள்ளி வைக்கிற வேலைக்கு வந்தவ புள்ளி வச்சாப் போதும், இன்னொரு தடவை வாயத் திறந்தா பாத்திரம் கழுவ அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாரு. ரெண்டு இன்ஜினீயருங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒருத்தனும் வந்து அந்த மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாக்கல. ஒரு நிமிஷ வேலை.

அன்னைக்கு கேன்டீன்ல எனக்கு எதிர்ல வந்து தட்டை டொக்குன்னு வச்சா. முகம் செவந்துருக்கு.

அந்த ஆளு என்ன சொன்னாலும் கேக்குறானுங்க இல்ல?

யாரு, கொக்கா? ஆமா.

அந்த ஆளு என்ன சொன்னாருன்னு நீ சொல்றதைத்தானடா கேக்குறானுங்க?

எனக்குக் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல. வேண்டாம்க்கா, மாட்டினா நான் உள்ள போயிடுவேன்னேன். அவ சொன்னா, பொறந்ததுலேருந்து வாயத் திறந்தாப் பொய்யி, ஒரு நாளாவது அது யாருக்காவது ஒதவட்டுமேடான்னு.

அவ்வளவுதான். மறுநாள் காலையில கொக்கு உலைக்கு முன்னால நின்னு நீளமா ஏதோ சொன்னாரு. நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, நாளையிலேருந்து இந்தக் கொட்டகைக்குள்ள எவன் மூஞ்சியிலயும் ஒரு சிட்டிகை பவுடர் இருக்கக்கூடாதுங்கிறாரு, மேலதிகாரியா இருந்தாலும் சரிங்கிறாருன்னு சொன்னேன். சுண்ணாம்பு ஆடிப்போயிட்டாரு. ஆனா ஒரு எதிர்க்கேள்வி? ம்ஹூம். கைக்குட்டையை எடுத்து அந்த எடத்துலயே தொடைச்சாரு. உள்ள இருந்து வேற ஒரு மனுஷன் வந்தாரு தம்பி, நெசமா, பாதிப் பேருக்கு அவரை அடையாளமே தெரியல. கேட்ல இருக்கிற காவலாளி மறுநாள் அடையாள அட்டை கேட்டு நிறுத்திட்டான்.

ஆறு வாரம் கழிச்சு அந்தத் தட்டுங்க வெளிய வந்துச்சு. நூத்துக்கு இருபத்தெட்டு.

அதுக்குள்ள நாங்க சும்மா இருந்தோமா? பொம்பளைங்க தினம் அக்காகிட்ட வந்து, கழுவுற தண்ணி மத்தியானத்துல ஒரு மாதிரி வாடை அடிக்குது, அந்தக் கதவு தானாத் திறந்துக்குதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுவாங்க. அக்கா சலிச்சு எடுத்து என்கிட்ட தருவா. நான் கொக்கு வாயில போடுவேன். ஒரு நாள், சாயங்காலம் நாலேகால் மணி வாக்குல படம் பிடிச்ச தட்டுல மட்டும் கோடு ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு கண்டுபிடிச்சா. ஏன்னா பின்னால ரயில் பாதை, நாலு பத்துக்கு கூட்ஸ் வண்டி போகும், கொட்டகையே தொடை நடுங்கும். நான் போயி, நிபுணர் தினம் நாலு பத்துக்கு எல்லாரும் மெஷின விட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணும்ங்கிறாருன்னு சொன்னேன். சுண்ணாம்பு அது அவங்க ஊர்ப் பிரார்த்தனைன்னு நெனச்சு, கண்ணை மூடிக் கை கூப்பி நின்னாரு. மத்தவங்களும் கூப்பினாங்க. ரயில் பாதையைப் பேத்து எடுத்து இருபது வருஷமாச்சு. பதினோரு கட்டடத்துலயும் இன்னைக்கும் நாலு பத்துக்கு நிக்கிறாங்க. தரத்துக்கான மௌனம்னு அதுக்குப் பேரு, அந்தப் பக்கச் சுவத்துல தனிப் படமே இருக்கு, போயிப் பாருங்க.

கொக்குக்குச் சந்தேகம் வராம இருக்குமா? தான் ஒண்ணு சொன்னா ஊரே பவுடரைத் தொடைக்குது, இன்னொண்ணு சொன்னா ஊரே கை கூப்புது. ஒரு நாள் என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. நான் நாலு நிமிஷம் மொழிபெயர்த்தேன். மறுநாள் சத்தமே இல்லாம உதட்டை மட்டும் அசைச்சாரு. அதையும் மொழிபெயர்த்துட்டேன், பழக்கதோஷம். அன்னையிலேருந்து அவரு என் பக்கம் வர்றதை விட்டுட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து அக்கா மேஜைக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டாரு. இது என்ன, அது என்னன்னு கையைக் காட்டிக் கேட்டு பொம்பளைங்ககிட்ட நம்ம பேச்சைப் பொறுக்க ஆரம்பிச்சாரு. முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை செத்துப்போச்சு. ரெண்டாவது அக்கா.

ஒண்ணு மட்டும் அவருக்கு நியாயமாச் சேரணும். உலைக்கு வச்சிருந்த சூடு காட்டுற கருவி தப்பு. அதை அவரு வந்த நாள்லேருந்து கத்திக்கிட்டு இருந்திருக்காரு. நான் அதை ஜன்னலைத் தொடைங்க, ஜன்னலைத் தொடைங்கன்னு மூணு வாரம் சொல்லியிருக்கேன். கொட்டகையில பளபளன்னு ஜன்னலு. கடைசியில மனுஷன் சாக்பீஸால படம் போட்டுக் காட்டித்தான் மாத்தினாங்க. அந்த மூணு வாரம் என் தலையில.

தொண்ணூறாவது நாள் எண்ணினாங்க. அம்பத்தி மூணு.

ஆனா அமைச்சகத்துலேருந்து வந்த குழு நம்பல. நாலு எப்படி அம்பத்தி மூணு ஆகும், வெளிநாட்டுச் சிப்பைப் பெட்டியில கொண்டாந்து கலந்துட்டீங்களான்னு தலைவர் கேக்குறாரு. நிபுணரை நேர்ல விசாரிக்கணும், அதுக்கு எங்க சொந்த மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிட்டு வந்திருக்கோம், சான்றிதழ் வாங்கின ஆளுன்னாங்க. அக்காகிட்ட ஓடினேன். எல்லா உண்மையையும் நானே போயிச் சொல்லிடுறேன், உன் பேரையும் சொல்லிடுறேன்னேன். அவ மைக்ராஸ்கோப்புலேருந்து தலையத் தூக்கல.

உண்மையச் சொன்னா நீ உள்ள போவ. அந்த ஆளு சொல்லலைன்னு தெரிஞ்சா நாளைக்கே எல்லாத்தையும் பழையபடி மாத்துவானுங்க, சுண்ணாம்பு மறுபடி டப்பாவைத் திறப்பாரு, கொட்டகையை மூடிடுவானுங்க. எனக்குப் பேரு வேணாம்டா, வேலை வேணும்.

சொல்லிட்டு ஒரு செவப்புப் புள்ளி வச்சா.

விசாரணை மேனேஜர் அறையில, நான் கொக்குக்குப் பின்னால நிக்கிறேன். மேஜை மேல ஒரு டேப் ரெக்கார்டர் ஓடுது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தொழிலாளிங்க எட்டிப் பாக்குறாங்க. தலைவர் கேட்டாரு, இந்தத் திருத்தமெல்லாம் நீங்க சொல்லித்தான் நடந்துச்சா? அமைச்சகத்து மொழிபெயர்ப்பாளர் கொக்கைப் பாத்துக் கையை ஆட்டி என்னமோ முணுமுணுத்தாரு. கொக்கு எந்திரிச்சாரு. பேச ஆரம்பிச்சாரு. அஞ்சு நிமிஷம் தம்பி, நான் சுவர்க்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன், முழுசா அஞ்சு நிமிஷம். நெஞ்சுல கை வைக்கிறாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவைக் காட்டுறாரு. நான் செத்தேன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

என்ன சொல்றாருன்னு கேட்டாரு தலைவர்.

ஆமாம்னு சொல்றாருங்க. அப்படின்னான் அந்த ஆளு.

அஞ்சு நிமிஷம் பேசினாரேய்யா?

அவங்க மொழியில ஆமாம் கொஞ்சம் நீளமுங்க.

நான் கண்ணைத் திறந்து அந்த ஆளைப் பாத்தேன். அவனும் என்னைப் பாத்தான். வேர்வை ஊத்துது. அட, நம்ம ஜாதிடா இவன்னு அந்த வினாடியே தெரிஞ்சு போச்சு. எந்தத் தியேட்டர்ல வேலை பாத்தானோ. தலைவர் கை தட்டினாரு, எல்லாரும் கை தட்டினாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவும் கை தட்டினா. கொக்குக்கு ஒண்ணும் புரியல, எல்லாரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்ப எடுத்த படம்தான் இது. முகத்தைப் பாருங்க, ஜெயிச்ச முகமா அது?

அவரு ஊருக்குக் கிளம்பின அன்னைக்குப் பெட்டியை ஜீப்புல நான்தான் வச்சேன். என் சட்டையைப் பிடிச்சு நிறுத்தினாரு. நம்ம பேச்சுல, பொறுக்கிப் பொறுக்கிக் கேட்டாரு.

நான் அஞ்சு நிமிஷம் அக்கா சொன்னேன். எல்லாம் அக்கா. பவுடரு அக்கா, ரயிலு அக்கா. நான் ஒண்ணும் கத்துத் தரல, நான் அக்காகிட்ட கத்துக்கிட்டேன்னு சொன்னேன். அந்த ஆளு ஒரு வார்த்தைதான் சொன்னான். ஏன்?

நான், எங்க மொழி சுருக்கமான மொழிங்கன்னேன். அவரு என் சட்டையை விட்டாரு. அப்புறம் ஜீப்புல ஏறிட்டாரு. அஞ்சு வருஷம் கழிச்சு செத்துப் போயிட்டதாச் சேதி வந்துச்சு.

அக்காகிட்ட சொல்லாம இருப்பேனா? அன்னைக்கு ஓடிப்போயிச் சொன்னேன். உன்னைப் பத்தித்தான் பேசினாராம்க்கா, அஞ்சு நிமிஷமும் உன்னைப் பத்தித்தான்னு. அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. இதையும் நீயே மொழிபெயர்த்தியாடான்னு கேட்டுட்டு வேலையப் பாக்கப் போயிட்டா. நாப்பது வருஷத்துல நாப்பது தடவை சொல்லியிருக்கேன். போன மாசம் கூடச் சொன்னேன். என் மனசு கஷ்டப்படக்கூடாதேன்னு தலையை ஆட்டுறா. அந்த மனுஷன் கூட என்னை மறந்துட்டாருன்னுதான் அவ இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கா. எனக்கு நல்லா வேணும். பொய் சொல்லியே வளந்தவன், ஒரே ஒரு நெசம் கையில கெடச்சுது, அது என் வாயிலேருந்து வந்தா விலை போகல.

அட, கிளம்பிட்டீங்களா? இருங்க, முக்கால்வாசி முடிஞ்சுது. ஸ்டோர் ரூம்ல அந்த விசாரணை டேப்பு கெடச்சிருக்கு, நாளைக்கு விழாவுல அதைப் போடப் போறாங்க, நிபுணரோட பொன்மொழியாம். அந்த நாட்டுலேருந்து ஏழு பேர் வந்திருக்காங்க. மேடையில நின்னு அதை நம்ம மொழியில சொல்லப்போறது நீங்கதானே? உங்க கழுத்துல தொங்குற அட்டையிலயே போட்டிருக்கே, மொழிபெயர்ப்பாளர்னு.

பதறாதீங்க. காலையில அந்த ஏழு பேரும் வண்டியை விட்டு இறங்கினப்ப நான் அந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு அம்மா உங்ககிட்ட ஏதோ கேட்டாங்க. நீங்க ரொம்ப ஆழமா யோசிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி, மூணு தடவை தலையாட்டி, வாங்க வாங்கன்னு கையைக் காட்டினீங்க. அந்தத் தலையாட்டலு எனக்குத் தெரியும் தம்பி. அதைக் கண்டுபிடிச்சவனே நான்தான்.

நான் காட்டிக்குடுக்க மாட்டேன். எந்தத் தியேட்டர்னு கூடக் கேக்க மாட்டேன். அந்த ஏழு பேருக்கும் நம்ம பேச்சு தெரியாது, நீங்க என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே கை தட்டுவாங்க. டேப்புல என்ன இருக்குன்னுதான் இப்ப உங்களுக்குத் தெரியுமே. அதை அப்படியே சொல்லிடுங்க. அஞ்சு நிமிஷமும் சொல்லுங்க, ஆமாம்னு மட்டும் முடிச்சுடாதீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, கடைசி வரிசையில அவளுக்கு எடது காது கேக்காது. விழா முடிஞ்சு அவ உங்களைத் தேடி வருவா, நெசமாவே அப்படித்தான் சொன்னாரான்னு கேப்பா. ஆமாங்கம்மான்னு சொல்லுங்க. யாரு சொல்லித் தந்தாங்கன்னு துருவித் துருவிக் கேப்பா, விட மாட்டா. என்ன ஆனாலும் என்னைப் பாத்ததாக் காட்டிக்காதீங்க தம்பி, நான்னு தெரிஞ்சா அவ நம்பமாட்டா.